வரைபடத்தில் ஏழாம் நம்பர் வீடு

இன்றைக்கும் ஏழாம் நம்பர் வீட்டின் மேல்தான் அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. டிரைவர் அதை நகத்தால் சுரண்டி எடுத்தார். ஏழாம் நம்பர் அவருடைய சொந்த வீடு.

முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், இப்போது தெருச் சங்கத்துக்குத் தலைவர். பஸ் நிறுத்தத்துக்குப் போகும் சந்தில் இரண்டு பெண்களைக் கத்தி காட்டி மிரட்டி நகையைப் பறித்துக்கொண்டு போனபிறகு, நகராட்சிக்கு நடையாய் நடந்து நிதி வாங்கியவர் அவர்தான். அந்த நிதியில் சந்துக்கு முதலில் பெஞ்சுகள் வந்தன. அப்புறம் சுவர் முழுக்க ஓவியம், கடைசியாக விளக்கு.

சந்தின் முகப்பில், பெயிண்டர் அக்கா என்று தெருவே கூப்பிடுகிற ஓவியக்காரி, தெருவின் வரைபடத்தைப் பெரிதாக வரைந்து வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு டப்பா நிறையச் சிவப்பு ஸ்டிக்கர்.

"எந்த இடத்துல பயமா இருக்கோ அங்க ஒட்டுங்க. பயம் போனதும் நீங்களே பிச்சிடுங்க. யார் ஒட்டினதுன்னு ஒருத்தரும் கேக்கமாட்டோம்" என்று டிரைவர் வீடு வீடாக ஏறி இறங்கிச் சொல்லியிருந்தார்.

முதல் வாரம் வரைபடத்துச் சந்து அம்மை போட்ட மாதிரி சிவந்து கிடந்தது. விளக்கு எரிய ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மிச்சம் இந்த ஒன்றுதான். பிய்க்கப் பிய்க்க, மறுநாள் காலையில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

"எனக்கென்னமோ இது சரியாப் படலண்ணே" என்றாள் பெயிண்டர் அக்கா, பிரஷைக் கழுவிக்கொண்டே. "திருட்டுப் பசங்க உள்ள புகுறதுக்கு முன்னாடி வீட்டுக்குக் குறி வைப்பாங்களாம். சந்துல அவனுங்க பொழப்பைக் கெடுத்தது நீங்க. கடுப்பு உங்க மேலதான இருக்கும்?"

டிரைவர் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் சங்க வேலை என்று தெருவே கதியாகக் கிடக்கிறார். மகனுக்கோ மில்லில் இரட்டை ஷிப்ட். வீட்டில் மருமகள் ஒருத்திதான் தனியாக இருக்கிறாள்.

அந்தப் பெண் வேறு பயம் என்றால் என்னவென்றே தெரியாதவள். விளக்கு வருவதற்கு முன்பே, ஊரே ஓடிக் கடந்த அந்தச் சந்தில், பெஞ்சில் தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பாள். "இருட்டப்போகுது, பயமா இல்லையாம்மா?" என்று ஒருமுறை கேட்டார்.

"இங்க என்ன மாமா பயம்?" என்றாள். மகனின் பைக் சத்தம் கேட்டதும் சடாரென்று எழுந்து வீட்டைப் பார்த்து ஓடினாள். புருஷன் மேல் இவ்வளவு பாசமா என்று டிரைவர் பூரித்துப்போனார்.

அன்று மாலையே மகனைக் கூப்பிட்டார். "டேய், ஒரு வாரம் லீவைப் போடு. ராத்திரி பகல்னு பாக்காம வீட்டுலயே இரு. எவன் வர்றான்னு பாத்துடலாம்." மருமகள் பக்கம் திரும்பினார். "நீயும் இனிமே பெஞ்சுல போய் உக்காராதம்மா. காலையில பால் வாங்கப் போனோமா, வந்தோமான்னு இரு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். புருஷனைப் பார்த்தாள். "சரிங்க மாமா" என்று உள்ளே போய்விட்டாள். டிரைவர் வாசல் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாளும் வாங்கி வந்து தன் கையாலேயே அடித்தார்.

மறுநாள் காலை ஏழாம் நம்பர் வீட்டின் மேல் இரண்டு ஸ்டிக்கர். அதற்கடுத்த நாள் மூன்று.

"ஐயய்யோ, நெருங்கிட்டானுங்கண்ணே!" என்று பெயிண்டர் அக்கா வாயில் கை வைத்தாள்.

டிரைவருக்குச் சோறு இறங்கவில்லை. வந்தவனைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று, அடுத்த நாள் விடிந்ததும் சுவர் ஓவியத்துக்காகக் கட்டி இன்னும் பிரிக்காத, சாக்குத் தொங்கும் சாரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். கையில் ஒரு கம்பு. பேப்பர் போடுகிறவர் சைக்கிளில் போனார், வரைபடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் ஆள் அரவமே இல்லை.

பிறகு காலடிச் சத்தம். மெதுவாக, நின்று நின்று வந்தது. சாரத்தின் இடுக்கில் ஒரு கை மட்டும் தெரிந்தது.

கை டப்பாவுக்குள் போனது. ஏழாம் நம்பர் வீட்டின் மேல் ஒன்று ஒட்டியது. இரண்டு. மூன்று. இன்னொன்றை எடுத்ததும் டிரைவர் பாய்ந்து வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தார்.

பால் பாத்திரம் தரையில் உருண்டது. எதிரே நின்றவள் மருமகள். பிடித்த இடத்தில் ஏற்கெனவே வலி இருந்ததுபோல அவள் முகம் சுருங்கியது.

"நீயாம்மா?" டிரைவரின் கையிலிருந்து கம்பு நழுவியது. "உனக்கென்ன பைத்தியமா? இதைப் பாத்துப் பாத்து நான் தூங்கியே நாலு நாளாச்சு! நம்ம வீட்டுல உனக்கு என்னம்மா பயம்? அதான் உன் புருஷனை லீவு போட வச்சு, நாள் முழுக்க உன் கூடவே காவலுக்கு வச்சிருக்கேனே!"

அவள் கையில் இருந்த ஸ்டிக்கரையும் அந்த வீட்டின் மேல் வைத்து அழுத்தினாள்.

"அதனாலதான் மாமா, ஒண்ணு நாலாச்சு."