ஆறு நல்ல பார்ட்டி

"வணக்கம் சார், கொடைரோடு பக்கத்துல பிளாட்டு..."

"ஏம்மா, வியாபாரப் போனே வேண்டாம்னு பதிவு பண்ணி வச்சிருக்க வீடு இது. 1909-க்குப் புகார் போச்சுன்னா ஒன் நம்பர் காலி, தெரியும்ல? இது கம்பெனி சிம்மா, ஒன் சிம்மா?"

"என் சிம்மு தான் சார்."

"அப்ப மாட்டப் போறது நீ தான். ஒம் மொதலாளி இல்ல. புத்தியோட பொழச்சுக்க!"

டப்பென்று வைத்துவிட்டார்.

மகேஸ்வரி அந்தப் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் கோடு இழுத்தாள். ராயப்பராஜ், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், நாகல் நகர். மூன்றாவது தடவையாக இதே அர்ச்சனை.

"சிடுமூஞ்சி!" என்றாள் பக்கத்து மேசைக்காரியிடம்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. ஆறு மேசை, ஆறு பெண்கள். வேலைக்குச் சேரும் அன்றைக்கே முதலாளி ரொனால்டு சொல்லிவிடுவார்: "சிம்மு ஒங்களது, ரீசார்ஜ் நம்மளது." அடேயப்பா, என்ன தாராளம்!

ஆனால் அதில் அவருக்கே ஒரு வில்லங்கம் இருந்தது. இடம் பார்க்க வருகிறவர்கள் திருப்பிக் கூப்பிடுவது மகேஸ்வரியின் நம்பருக்கு. இரண்டு வருஷத்தில் நூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். வத்தலக்குண்டு ரோட்டில் புதிதாக வந்த பிளாட் ஆபீஸ் அதை மோப்பம் பிடித்துவிட்டது.

"அந்த நம்பரோட வாம்மா. சம்பளம் ரெண்டு மடங்கு. பி.எஃப். உண்டு. நம்பர் இல்லேன்னா வேலையும் இல்ல, பாத்துக்க."

போன வாரம் பயந்து பயந்துதான் ரொனால்டிடம் சொன்னாள். அவர் கோபிக்கவே இல்லை.

"நல்லாயிரும்மா. போறதுக்கு முன்ன இந்தச் சீட்டுல இருக்க ஆறு பேருகிட்ட மட்டும் நீயே பேசிரு. நல்ல பார்ட்டிங்க."

நல்ல பார்ட்டிகள்தான். ஒருத்தரும் வையவில்லை. பாதியில் வைக்கவும் இல்லை. முதலில் எடுத்த அம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஒம் பேரென்ன தாயி? தொண்டை கட்டியிருக்கே, பனங்கல்கண்டு போட்டுப் பாலு குடி" என்றாள்.

இரண்டு வருஷமாக ஊரெல்லாம் வசவு வாங்கிய பெண். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் போன் ஊமை. வியாபார அழைப்புப் புகார்கள் வந்ததால் இணைப்பை நிறுத்தியிருக்கிறோம் என்று ஒரு மெசேஜ் மட்டும் கிடந்தது. திங்கட்கிழமை புது வேலை.

வேறு யார்? அந்தச் சிடுமூஞ்சிதான்!

லிஸ்டில் விலாசம் இருந்தது. நேரே போய்க் கதவைத் தட்டினாள்.

"ஒங்களுக்கு என்ன சார் பாவம் பண்ணேன்? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!"

"யாரு, நானா? நான் குடுக்கலையேம்மா!" பெரியவர் பதறிவிட்டார். "குடுக்கறவனா இருந்தா மொத நாளே சத்தமில்லாம குடுத்திருப்பேன். ஒங்கிட்ட எதுக்குத் தொண்டை கிழியக் கத்துறேன்? எம் பேரன் பேத்தி வயசுப் புள்ள, தெரியாம மாட்டிக்கப் போகுதேன்னு தான்."

மகேஸ்வரி போனை எடுத்து அந்த மெசேஜைக் காட்டினாள்.

"இன்னொண்ணும் கேட்டுக்க. ஒருத்தர் புகாருக்கெல்லாம் இப்படிக் கட் பண்ண மாட்டாங்க. பத்து நாளைக்குள்ள அஞ்சு பேராவது குடுத்திருக்கணும்."

"அஞ்சு பேரா? அம்புட்டுப் பேரு எம்மேல யாரு சார்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? சரி, உக்காரு. முறையீடு போட வழி இருக்கு. நான் எழுதித் தாரேன்."

எழுதியும் கொடுத்தார், இரண்டு பக்கத்துக்கு.

"எப்ப சார் நம்பரு வரும்?"

"ஒரு மாசமாகலாம். ரெண்டு மாசமும் ஆகலாம்."

திங்கட்கிழமைக்கு மூன்றே நாள் இருந்தது. வழியெல்லாம் அழுதுகொண்டே ஆபீசுக்குப் போனாள், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வர.

அதற்குள் அவள் நாற்காலியில் ஒரு புதுப்பெண். தன் சிம்மைப் போனில் சொருகிக்கொண்டிருந்தாள். உள் அறையில் ரொனால்டுக்கு அவர் மனைவி லிடியா சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார். மகேஸ்வரி அந்த அம்மாளை அதுவரை பார்த்ததே இல்லை.

"சார், என் நம்பரு போயிருச்சு சார்" என்றாள். குரல் உடைந்தது.

ரொனால்டு சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்த அம்மாள்தான் கரண்டியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்.

"அடடா, இன்னும் தொண்டை கட்டியிருக்கே தாயி! பனங்கல்கண்டு போட்டுப் பாலு குடிக்கலையா?"