திருப்பிப் படித்தபோது

கிளிஞ்சல்மேட்டில் வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறேன். படகு வயர்லெஸ்ஸில் வரும் பேச்சை எழுத்தாக்கி, யார் எப்போது கரை திரும்புகிறார்கள் என்று பிரித்துச் சொல்லும் வேலை. பேச்சு வந்துகொண்டே இருக்கும். படித்த சொல் போனதுதான். ஆனால் அர்த்தம் சரிவராவிட்டால் பின்னால் போய் வேறு மாதிரி படித்துப் பார்க்க வேண்டும். அதனால் ஓர் இடத்தில் குறி போட்டு, அதன்பின் வருவதையெல்லாம் ஒரு சொல்லும் மாறாமல் பிடித்துவைத்துக்கொள்ளும்படி செய்திருந்தேன்.

அன்று காலை அண்ணன் மாறனின் படகிலிருந்து, "நாலு பேரும் கரைக்கு வர்றோம்" என்று வந்தது. சோதித்துப் பார்க்க, குறிக்குத் திரும்பி அதையே மறுபடி படிக்கவைத்தேன்.

"அஞ்சு பேரும் கரைக்கு வர்றோம்."

மதியம் வேலையை ஒப்படைக்க வேண்டும். வரிவரியாகப் பார்த்தேன், தப்பு எதுவும் இல்லை. எரிச்சலோடு கரைக்குப் போனேன்.

படகிலிருந்து நாலு பேர்தான் இறங்கினார்கள். வலை நிறையக் கானாங்கெளுத்தி. ஒரே கேலியும் சிரிப்பும். கடலுக்குப் போனவர்களுக்கு ஆளுக்கொரு கூறு குழம்பு மீனை அண்ணன் மணலில் பிரித்துப் போட்டான். அஞ்சு கூறு.

"என்னண்ணே, ஒண்ணு கூட இருக்கே?"

அண்ணன் கூறுகளைப் பார்த்தான். "போனவங்களுக்குச் சரியாத்தானே புள்ள இருக்கு" என்றான். மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். புரோகிராமில் தப்பில்லை.

நாலு பேரும் அவரவர் கூறை அள்ளிக்கொண்டு போனார்கள். மீதியிருந்ததைச் சுற்றிக் காக்காய்கள் இறங்கின. ஒன்றுகூடக் கிட்டே போகவில்லை. யாராவது குனிந்து மீன் அள்ளும்போது தள்ளி நிற்குமே, அந்தத் தூரத்திலேயே நின்றன.