அனுமதி இலவசம்

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த தொழில்களிலேயே பொய் கலக்காதது தன்னுடையது ஒன்றுதான் என்று ஸ்கீமா அறிவித்தான். கூட்ட அறையில் இருந்த நாலு பேரும் கைதட்டினார்கள். பக்கத்து அறையில் ஒருவர் இறந்து கிடந்ததால் சத்தம் வராமல் தட்டினார்கள்.

அது ஓர் அஞ்சலி மண்டபத்தின் அலுவலகம். இறந்தவரின் படம், நேரம், அறை எண் எல்லாவற்றையும் மண்டபத்தின் இணையதளத்தில் போடுவார்கள். யாரும் பார்க்க மாட்டார்கள். பார்க்க வைப்பதற்காக ஒரு மாதம் முன்பு வேலைக்கு வந்தவன் அவன். வாயைத் திறந்தால் ஸ்கீமா, ஸ்கீமா என்றதால் அதுவே பெயராகிவிட்டது.

“மனுஷன் பக்கத்தைப் பார்த்தா புரிஞ்சுக்குவான் மேடம். தேடுற மெஷினுக்குப் புரியாது. அதுக்குன்னு பின்னாடி சீட்டு ஒட்டணும். இது பேரு, இது தேதி, இது இடம்னு. அதுதான் ஸ்கீமா. ஒட்டினேன். நேத்து வரைக்கும் நாப்பது பேர் பார்த்த சைட்டை இன்னைக்கு நாலாயிரம் பேர் பார்த்திருக்காங்க.”

“சரி, அதென்ன பொய் கலக்காததுன்னு?” என்றார் முதலாளியம்மா.

“சில பேர் தங்களோட கடைக்குத் தாங்களே அஞ்சு நட்சத்திரம் ஒட்டிக்குவாங்க மேடம். இல்லாததை இருக்குன்னு ஒட்டிட்டு, அவனெல்லாம் எந்த மூஞ்சியோட வெளியில நடமாடுறானோ!”

கதவு திறந்தது. மண்டபப் பொறுப்பாளர் வேர்த்துப்போய் நின்றார்.

“மேடம், மூணாம் ரூம்ல பன்னெண்டு நாற்காலி போட்டேன். எரநூறு பேர் வந்திருக்காங்க.”

“யாரு இறந்தது? பெரிய புள்ளியா?”

“ரிட்டயர்டு லிஃப்ட் மெக்கானிக், மேடம். உயிரோட இருக்கும்போதே நம்மகிட்ட வந்து புக் பண்ணி வெச்சிட்டாரு. பன்னெண்டு நாற்காலியே ஜாஸ்தின்னு சொன்ன மனுஷன். இப்ப என்னடான்னா ஒருத்தர் ட்ரம்ஸ் எங்கேங்கிறாரு. ஒரு குழந்தை பலூனோட வந்திருக்கு.”

முதலாளியம்மா தன் போனை எடுத்துத் தேடினார். கிடைத்ததைச் செய்தி வாசிப்பவர் போல நிதானமாகப் படித்தார்.

“இன்று மாலை நான்கு மணி. நேரடி இசை நிகழ்ச்சி. அனுமதி இலவசம். இருக்கைகள் உள்ளன. பாடுபவர்...”

அங்கே நிறுத்திவிட்டார். அதற்குப் பக்கத்தில் லிஃப்ட் மெக்கானிக்கின் பெயர் இருந்தது.

ஸ்கீமாவுக்குக் காது சுட்டது. இதற்கு முன் வேலை பார்த்த இசை அரங்கத்துக்கு எழுதிய சீட்டுகளைத்தான் அப்படியே நகலெடுத்துப் போட்டிருந்தான். பெயர், தேதி, இடம் மூன்றையும் மாற்றியவன் மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சற்று முன் கைதட்டிய நாலு பேரும் இப்போது மேஜையைப் பார்த்தார்கள்.

“போ,” என்றார் முதலாளியம்மா. “அவர் வீட்டு மனுஷங்ககிட்ட நடந்ததை நடந்தபடி சொல்லி மன்னிப்புக் கேளு. ஒரு வார்த்தை மறைக்கக் கூடாது. அவங்க மன்னிச்சாங்கன்னா திங்கக்கிழமை வேலைக்கு வா.”

இருபதடி தூரத்து நடைபாதையை அவன் ஐந்து நிமிடத்தில் கடந்தான். உள்ளே கூச்சலும் சண்டையும் இருக்கும் என்று நினைத்திருந்தான். மூச்சுச் சத்தம்தான் கேட்டது. இருநூறு பேரும் சுவரோரமாகவும் தரையிலுமாக அடக்கமாக இருந்தார்கள். பளபளக்கும் சட்டை போட்ட ஒருவர் அதன்மேல் யாரிடமோ வாங்கிய கறுப்புக் கோட்டை மாட்டிப் பொத்தான் போட்டிருந்தார். பலூனின் காற்றை இறக்கியிருந்தார்கள்.

முன்வரிசையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் அழுத ஒரே ஆள் அவர்தான். மகளாகத்தான் இருக்க வேண்டும்.

ஸ்கீமா போய்க் குனிந்தான். வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியத்தைத் தொடங்கினான்.

“அக்கா, நான் வந்து...”

“உட்காருங்க தம்பி.” அவர் பக்கத்து நாற்காலியிலிருந்த தன் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். படத்துக்குக் கீழே வைத்திருந்த பெயரட்டையை ஒருமுறை எட்டிப் பார்த்து, அந்தப் பெயரைச் சொல்லி, “இவரைத் தெரியுமா உங்களுக்கு?” என்றார்.

சிவந்த கண்கள். உங்கள் அப்பாவைப் பாடகர் என்று ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்தவன் நான்தான் என்று அந்தக் கண்களிடம் எப்படிச் சொல்வது? இத்தனை பேரும் அப்பாவுக்காக வந்தார்கள் என்றல்லவா அவர் நினைத்துக்கொண்டிருப்பார். எதிரே படத்திலிருந்து லிஃப்ட் மெக்கானிக் அவனையே பார்த்தார்.

“தெரியும்க்கா,” என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

“பழக்கமா?”

“நல்ல பழக்கம். ரொம்ப வருஷமா... நண்பர் மாதிரி.”

சொல்லி முடிப்பதற்குள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தரையைப் பார்த்தான். அந்தப் பெண் அவன் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“அப்பாடா! ஒருத்தராவது வந்தீங்களே,” என்றவர் பின்னால் திரும்பித் தலையசைக்க, இருநூறு முகங்களும் ஸ்கீமாவை நோக்கித் திரும்பின.

“எழுந்து இவரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க தம்பி, நாங்க எல்லாரும் பாட்டு கேக்க வந்தவங்க.”