ஐந்தாவது ஆள்

"எத்தனை தடவை கேட்டாலும் இதான் பதில். இந்த ரூமுக்குள்ள அஞ்சாவது ஆளு வரக்கூடாது."

ராஜபாண்டியன் சொல்லிவிட்டு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தான். ஏதோ லோடு ஏற்றிவிட்டு வந்தவன் மாதிரி அவன் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

சரவணக்குமாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாரிச்செல்வி என்ற அந்தப் பெண் ஏழாயிரம்பண்ணையில் பஸ் ஏறி, திருத்தங்கலுக்குப் பாதி வழி வந்துவிட்டாள். வரச் சொன்னவன் அவன்தான். வாசலோடு திருப்பி அனுப்பினால் அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பது? மீறி உள்ளே கூப்பிட்டால் ராஜபாண்டியன் கோபித்துக்கொண்டு போய்விடுவானே?

சரவணக்குமாரின் அச்சகத்து முதல் மாடியில், பேப்பர் கட்டுகளுக்கு நடுவே, ஞாயிறுதோறும் நாலு பேர் கூடுவார்கள். பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பேசிப் பேசியே கோட்டை பிடிக்கிற மாயக்கதை ஆட்டம். சரவணக்குமார் கதையை நடத்துவான். ராஜபாண்டியன் வாள்வீரன், காளீஸ்வரன் திருடன், சித்தப்பா மகள் ரோஷினி மந்திரக்காரி. ஊரில் யாரிடமாவது சொன்னால், "சீட்டா, தாயமா?" என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் தானாக ஒருத்தி தேடி வருவது சாதாரண விஷயமா?

யாரிடமோ நம்பர் வாங்கி அவனுக்கு மெசேஜ் போட்டிருந்தாள் மாரிச்செல்வி. கூடவே ஒரு கேள்வி: 'நான் கூளியா விளையாடலாமா?'

அதுதான் சரவணக்குமாரை உறுத்தியது. அவர்கள் ஆட்டத்தில் கூளி என்கிற குட்டிப்பேய் எதிரி. குகையிலிருந்து கூச்சல் போட்டுக்கொண்டு வந்து, வாள்வீரன் கையால் வெட்டுப்பட்டுச் சாவதுதான் ஆரம்பத்திலிருந்தே கூளிகளுக்கு வேலை.

"மாப்ள, உண்மையச் சொல்லு. கூளி நம்ம கூட சேருதுன்னுதானே உனக்குக் கோவம்?" என்று கேட்டான் சரவணக்குமார்.

"கூளியப் பத்தி நான் வாயத் தொறந்தேனாலே? இந்த ரூமுக்குள்ள நாலு பேரு. அம்புட்டுதான்."

"அண்ணே, இது ஒண்ணும் பட்டாசு ஷெட் இல்ல" என்றாள் ரோஷினி.

ராஜபாண்டியன் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஒரு ஷெட்டுக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். அந்தப் பழக்கம் அவனை ஞாயிற்றுக்கிழமையும் விடாது. இங்கே வந்ததும் முதலில் தலையை எண்ணுவான். அப்புறம் கதவை அகலத் திறந்து, அது மூடாதபடி ஒரு பேப்பர் கட்டை முட்டுக் கொடுப்பான். "சுத்தியும் பேப்பரு, இருக்கிறது ஒரே கதவு. இதெல்லாம் ஒரு ரூமாலே? மொட்டை மாடிக்குப் போவோம்" என்று மாதக்கணக்காகப் புலம்பியும் பார்த்தான். "ஃபேன் இல்லாத இடத்துல எவன் உக்காருவான்?" என்று காளீஸ்வரன் ஒரே வார்த்தையில் அதை முடித்துவிட்டான்.

"புதுசா யாரு வந்தாலும் உங்களுக்கு ஆகாதுண்ணே" என்று ரோஷினி விடாமல் பிடித்தாள். "நான் வந்தப்ப மட்டும் எப்படிச் சேர்த்தீக?"

"அன்னைக்கு நீ நாலாவது ஆளு."

"சரி, அவ உள்ள உக்காரட்டும். நான் வாசல்ல நின்னு கதை சொல்லுதேன்" என்றான் சரவணக்குமார்.

"வாசல மறிச்சு நிக்கது அதை விட மோசம்லே."

இவனோடு பேசுவதற்குப் பேப்பர் கட்டோடு பேசலாம் என்றிருந்தது சரவணக்குமாருக்கு. அதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

தோளில் பையோடு வாசலில் வந்து நின்றாள் மாரிச்செல்வி. உள்ளே எட்டிப் பார்த்தாள். ஆனால் காலை எடுத்து வைக்கவில்லை.

"வாங்க... அது வந்து... ஒரு சின்ன..." என்று இழுத்தான் சரவணக்குமார்.

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. உதட்டுக்குள்ளேயே தலைகளை எண்ணி முடித்துவிட்டு, ராஜபாண்டியனிடம் திரும்பினாள்.

"உள்ள நாலு பேரு இருக்கீகளே. நான் நேரா மேல போயிரவா, போர்மேன் அண்ணே?"

"ஏறு தாயி. எல்லாம் ரெடியா இருக்கு" என்று எழுந்தான் ராஜபாண்டியன். "உங்களுக்கும் வெத்தல பாக்கு வைக்கணுமாலே? எந்திரிங்க!"

ஒன்றும் விளங்காமல் மூவரும் பின்னாலேயே ஏறினார்கள். மொட்டை மாடியில் நாலு கம்பு நட்டு, பழைய பிளக்ஸ் பேனரைக் கூரையாக இழுத்துக் கட்டியிருந்தது. நீள வயரின் முனையில் டேபிள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் மேஜை. சுற்றி ஐந்து நாற்காலிகள். ஐந்தாவதில் ஓர் அட்டை கிடந்தது. அதில் கோணல்மாணலாகக் கொம்பு வைத்த கூளி ஒன்று, கையில் வாளோடு பல்லைக் காட்டியது.

"கூளிய வெட்டி வெட்டிக் கை சலிச்சுப்போச்சுலே. ஒண்ணாவது என் பக்கத்துல நின்னு சண்டை போடட்டும்" என்றான் ராஜபாண்டியன்.

சரவணக்குமாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே மாரிச்செல்விக்குப் பக்கத்து நாற்காலியில் சரிந்தான். காற்று நன்றாகத்தான் வந்தது.

"இந்தப் பிள்ளைய முன்னாடியே தெரியுமா உனக்கு? அப்ப இவளுக்கு என் நம்பரக் கொடுத்தது..."

"நான்தாம்லே. அஞ்சாவது ஆளு வராம நீங்க அந்த ரூம விட்டு எந்திரிக்கவா போறீக?"