பூட்டை இழுத்துப் பார்க்கிறவன்

மதிய வெயிலில் கண்ணாடிக் கடையின் ஷட்டர் கிறீச்சிட்டு இறங்குகிறது. சாப்பிடப் போவதற்காகக் கடையைச் சாத்துகிறான் கட்டையன். அவனோடு ஒரே பெஞ்சில் படித்த துப்பறிகிறவன் வாசலில் காத்து நிற்கிறான். அதே பெஞ்சின் மூன்றாவது ஆளான நெட்டையன், தன் மரப்பட்டறையையும் இரண்டு கைகளையும் தீக்குக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். “போலீஸ் கிடக்கட்டும், தீ வச்சவனை நம்ம பய கண்டுபிடிச்சிருவான்” என்று துப்பறிகிறவனை இதில் இழுத்துவிட்டதே கட்டையன்தான்.

கட்டையன் குனிந்து பூட்டுகிறான். பூட்டை வெடுக்கென்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, உள்ளங்கையால் செல்லமாக ஒரு தட்டு தட்டுகிறான். வகுப்புச் சாவி அவனிடம் இருந்த காலத்துப் பழக்கம். பட்டறையின் எதிர்வீட்டு கேமராவில் பதிந்த படத்தைப் பார்த்துப் பார்த்துத் துப்பறிகிறவனுக்குக் கண் பூத்துப்போயிருக்கிறது. அதில் ஹெல்மெட் போட்ட ஒருத்தன் பட்டறைக்குத் தீ வைத்துவிட்டு வெளியே வருகிறான், கேட்டில் தொங்கும் பூட்டைப் பூட்டுகிறான், இழுத்துப் பார்க்கிறான், தட்டுகிறான், போகிறான். எரிகிற இடத்தைப் பத்திரமாகப் பூட்ட வேறு எவனுக்குத் தோன்றும்?

“நீயாடா?”

சாவிக்கொத்து கிலுங்குகிறது. கட்டையன் நிமிரவில்லை. “அவன் உள்ள தூங்கிட்டிருந்தது சத்தியமா தெரியாதுடா.”

“அப்புறம் எதுக்குடா என்னைத் தேடி வந்தே?”

“ஒளிஞ்சு விளையாடுறப்போ நீ ஒருதரமாவது யாரையாவது கண்டுபிடிச்சிருக்கியா? அந்த நம்பிக்கைதான்டா” என்கிறான் கட்டையன், பழைய பாசம் கொஞ்சமும் குறையாமல்.