மாப்பிள்ளையின் அக்கறை

"என் பொண்ணு வெளிநாட்டுல காட்டோரமா குடியிருக்கா. அங்க புல்லுல கால் வெச்சாலே உண்ணி கடிச்சு மூளைக்காய்ச்சல் வந்துடும்னு மாப்பிள்ளைதான் சொன்னார்" என்று ஊசிக்குக் கையை நீட்டினாள் அந்த அம்மா.

நர்ஸ் உருகிப்போனாள். அவள் கணவன் மாமியாருக்கு ஒரு தலைவலி மாத்திரைகூட வாங்கிக் கொடுத்ததில்லை.

"இப்படி ஒரு மாப்பிள்ளையா! கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க."

மாதக்கணக்கில் இடைவெளி விட்டு மூணாவது ஊசியும் முடிந்தது. பஞ்சை அழுத்திக்கொண்டே அந்த அம்மா போன் போட்டாள்.

"மாப்பிள்ளை, குளிர் தாங்காதுன்னீங்க, ஸ்வெட்டர் வாங்கினேன். பனி வழுக்கும்னீங்க, பூட்ஸ் வாங்கினேன். உண்ணி கடிக்கும்னீங்க, ஊசியும் போட்டாச்சு. இப்பவாவது என் பொண்ணைப் பார்க்க வரட்டுமா?"

மறுமுனை கொஞ்சம் யோசித்துவிட்டு ஏதோ சொன்னது.

அந்த அம்மா போனைப் பொத்திக்கொண்டு நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, கரடி கடிச்சாலும் தாங்கற மாதிரி ஊசி ஏதாவது இருக்கா?"