கைமாத்து அரிசி

"ஹமீது, ஒரு டப்பா அரிசி கைமாத்தாக் குடு புள்ள. நாளைக்குத் தர்றேன்."

பக்கத்து வீட்டு ஜெய்த்தூன் பீவி பால் டப்பாவோடு வாசலில் வந்து நின்றாலே ஹமீதுன்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த 'நாளைக்கு' இதுவரை வந்ததே இல்லை.

சைகோனின் அந்தச் சந்தில் இருந்த நாலு தமிழ்க் குடும்பங்களிலும் இதே வசூல்தான். எதிர்வீட்டுப் பாண்டிச்சேரிக்காரி ரோசாலிகூடத் தப்பவில்லை. போன மாதம் ஜெய்த்தூன் பீவி, ஹமீதுன்னிசாவின் கிழிந்துபோன பூப்போட்ட சேலையையும், "கரித்துணிக்கு ஆகும்" என்று கேட்டு வாங்கிப் போயிருந்தாள்.

"ஒத்தைக் கட்டைக்கு இவ்வளவு அரிசி எதுக்கு? சோலோன் சந்தையில வித்துக் காசாக்குறாங்க போல," என்று ஹமீதுன்னிசா ரோசாலியிடம் சொன்னாள். அது சந்து முழுக்கப் பரவியது.

இத்தனைக்கும், "காலம் சரியில்ல, கொஞ்சம் சேத்து வையி புள்ள," என்று எல்லோருக்கும் உபதேசம் செய்கிறவளும் இதே ஜெய்த்தூன் பீவிதான்.

அதைக் கேட்டால் ஹமீதுன்னிசாவின் கணவர் பஷீர் அகமது சிரிப்பார். "அன்னன்னிக்கு அல்லா தர்றான். சேத்து வைக்கிறது அவன்மேல நம்பிக்கை இல்லாதவங்க வேலை."

ஐம்பத்தைந்தாம் வருஷம், நோன்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே சோலோன் பக்கம் சண்டை வெடித்தது. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போகிற ஊரை யார் ஆள்வது என்று உள்ளூர்ப் படைகளுக்குள் தகராறு. கடைகளை அடைத்துவிட்டார்கள்.

ஹமீதுன்னிசா வீட்டில் அரிசி தீர்ந்தது. நோன்பு பிடிக்கிற பெரியவர்கள் தாங்குவார்கள், பிள்ளைகள் என்ன செய்யும்? சின்னவள் சிணுங்கிச் சிணுங்கி ஓய்ந்துபோய்த் தூங்கிவிட்டாள்.

"சந்தைப் பக்கம் போய்ப் பார்க்கட்டுமா?" பஷீர் அகமது குல்லாயைத் தேடினார்.

"குண்டு பட்டுச் சாவவா? சும்மா இருங்க. நம்மகிட்ட வாங்கினவங்க பக்கத்துலதான இருக்காங்க. போய்க் கேக்குறேன்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜெய்த்தூன் பீவி வீட்டுக்குப் போனாள்.

"லாத்தா, வாங்கின அரிசிய இன்னைக்காவது திருப்பித் தாங்க. புள்ளைங்க பட்டினி."

ஜெய்த்தூன் பீவி கோபித்துக்கொள்ளவில்லை. "உள்ள வா," என்றாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய தகர டின்னை இழுத்தாள்.

அதன் வாயைக் கட்டியிருந்தது, ஹமீதுன்னிசாவின் பூப்போட்ட சேலைத் துண்டு. பக்கத்து டின்னைக் கட்டியிருந்தது ரோசாலி வீட்டுப் பழைய ஜன்னல் திரை.

துணியை அவிழ்த்தாள். கழுத்து வரை அரிசி. வண்டு வராமலிருக்க மேலே காய்ந்த மிளகாய்.

"உன் வூட்டு அரிசிதான். எந்த டின்னு யாரோடதுன்னு தெரியணும்ல, அதுக்குத்தான் துணி. சேத்து வைங்கன்னா ஒருத்தரும் கேக்கல. கைமாத்துன்னு கேட்டா மட்டும் யாரும் இல்லேங்கல. தூக்கிட்டுப் போயி நோம்புக் கஞ்சி காய்ச்சு."

ஹமீதுன்னிசாவுக்கு வெட்கத்தில் அழுகை வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"உங்க டின் எது லாத்தா?"

"நாலு வூட்டு டின்ன வச்சப்புறம் எனக்கு எங்க எடம் இருக்கு?"

சொல்லிவிட்டு, ஜெய்த்தூன் பீவி அந்தப் பழைய பால் டப்பாவை நீட்டினாள்.

"ஒரு டப்பா கைமாத்தாக் குடு புள்ள. நாளைக்குத் தர்றேன்."